இயந்திரம் பொருத்த அமெரிக்கா போக எந்த விசா?

கேள்வி: எங்கள் கம்பெனி அமெரிக்க ஆலை ஒன்றுக்கு பேக்கிங் மெஷின் விற்றிருக்கிறது. பொருத்திக் கொடுக்க நான் 3 வாரம் போக வேண்டும். 'சுற்றுலா என்று போட்டுவிடலாம், வங்கிக் கணக்கில் 10 லட்சம் காட்டுங்கள்' என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இன்றே அவரிடமிருந்து டிஎஸ்-160 என்ற இணைய விசா படிவத்தின் விண்ணப்ப எண்ணையும் பாதுகாப்புக் கேள்விக்கு அவர் கொடுத்த விடையையும் வாங்கி, படிவத்தை நீங்களே திறந்து வரிவரியாகப் படியுங்கள். கையொப்பப் பொத்தானை அழுத்த வேண்டியவர் விண்ணப்பதாரர். யார் அழுத்தியிருந்தாலும் பொய் உங்கள் தலையில்தான் விழும். பயண நோக்கத்தை மறைத்தது தெரிந்தால் நிரந்தரத் தடை வரலாம். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

உங்களுக்கு வேண்டியது பி-1 என்ற வணிகப் பயண விசா. கூட்டம், பேரம், மாநாடு இதற்கெல்லாம் அது செல்லும். கையால் வேலை செய்வதற்குச் செல்லாது. உங்கள் விஷயம் இதற்கு விதிவிலக்கு. ஆனால் கவனம்: மெஷின் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனத்திடம் வாங்கியதாக இருக்க வேண்டும். பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் விற்பவர் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, வாங்கியவர் அனுப்பும் மின்னஞ்சலும் போதாது. அந்த மெஷினைப் பற்றிய தனித்திறன் உங்களுக்கு இருக்க வேண்டும். சம்பளம் இங்கேதான்; அங்கிருந்து தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு வாங்கலாம், கூலி வாங்கக் கூடாது. அஸ்திவாரம் போடுவது போன்ற கட்டுமான வேலையில் கை வைக்காதீர்கள்; அதை மேற்பார்வையிடலாம், கற்றுத் தரலாம், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பு எழுதிய பக்கத்தில் அடையாளச் சீட்டு ஒட்டி நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். பணி, சம்பளம், தேதிகள், ஆலை முகவரி எழுதிய கம்பெனிக் கடிதமும் வேண்டும்.

அந்த 10 லட்சத்தை மறந்துவிடுங்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, குடியேறத்தான் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே விசா அதிகாரி தொடங்குகிறார். திரும்பி வருவீர்கள் என்பதற்கு வேலையும் குடும்பமும்தான் சாட்சி. போன வாரம் கடன் வாங்கிப் போட்ட பணம் சந்தேகத்தைத்தான் கூட்டும். 185 டாலர் கட்டணம், ஓரிரு நிமிட நேர்காணல், பல நேரம் ஃபைலைக்கூடத் திறப்பதில்லை. மறுத்தால் ஒரே மாதிரி அச்சடித்த தாள், மேல்முறையீடும் கிடையாது. ஆகவே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: 'நாங்கள் விற்ற மெஷினை ஒப்பந்தப்படி பொருத்தப் போகிறேன், 3 வாரம்.'

பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசாவில் பி1/பி2 (வணிகம்/சுற்றுலா) என்று சேர்த்தே இருக்கும். இறங்கியதும் ஐ-94 என்ற உங்கள் நுழைவுப் பதிவை இணையத்தில் பாருங்கள். அதில் பி1 என்று இருக்க வேண்டும். தங்கும் கெடு அங்கே உள்ள தேதிதான், விசாவில் உள்ள 10 ஆண்டு அல்ல.