3200 என்று எழுதியிருக்கும் ரேம் ஏன் 2400-இல் ஓடுகிறது?

குன்னூரில் தம்பி ஒருவன் கேட்ட கேள்வி இது. ஸ்டிக்கரில் வேகம் 3200, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 2400. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. எந்த மதர்போர்டிலும் சிக்கலில்லாமல் கிளம்ப, ரேமுக்கு ஒரு பாதுகாப்பான அடிப்படை வேகம் உண்டு; அந்த 2400 அதுதான். முதன்முறை மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் டிரைவர், வண்டியில் எவ்வளவு தெம்பு இருந்தாலும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிதானமாகத்தான் திருப்புவார். எந்த வளைவில் எந்த கியர் என்று பழகியவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் ஏறுவார். அப்படி ஒரு குறிப்பு ரேமுக்குள்ளேயே சின்னச் சிப்பில் பதிந்திருக்கிறது. அதன் பெயர் எக்ஸ்எம்பி. ஏஎம்டி பிராசஸருக்கான டிடிஆர்5 (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை) ரேமில் எக்ஸ்போ. வேகம், கால இடைவெளி, வோல்டேஜ் மூன்றும் அதில் இருக்கும். இந்த வகை டிடிஆர்4 ரேமுக்குப் பெரும்பாலும் 1.2-க்குப் பதில் 1.35 வோல்ட்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை இயக்கி, சேமித்து வெளியே வாருங்கள். சரி, அதன்பின் திரை வராவிட்டால் பயப்பட வேண்டாம். பயாஸை ரீசெட் செய்தால் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். பிராசஸரும் போர்டும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போதே பாருங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டரின் பாக விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டினால் பாதி வேகம் என்று அர்த்தமில்லை: ஒரு துடிப்புக்கு இருமுறை தகவல் போவதால் அதுதான் 3200.