மெக்சிகோவுக்குள் போகும் கள்ளத் துப்பாக்கிகள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க எல்லையில் அத்தனை கெடுபிடி. துப்பாக்கி எப்படி மெக்சிகோவுக்குள் போகிறது?

பதில்: கெடுபிடியெல்லாம் வடக்கே வரும் வண்டிகளுக்கு. தெற்கே போகிறவற்றை அமெரிக்கச் சுங்கம் எப்போதாவதுதான் நிறுத்தும். நிறுத்த ஆரம்பித்ததும் எல்லைப் பாலத்தருகே நிற்கும் கடத்தல்காரர்களின் வேவுக்காரன் போன் போட்டுவிடுவான். அப்புறம் சரக்கு வராது. மெக்சிகோ பக்கம் விளக்கு: பச்சை என்றால் போ, சிவப்பு என்றால் ஓரங்கட்டு. சிவப்பு யாருக்கு விழும் என்பது குலுக்கல்தான். கடத்தலும் லாரி லாரியாக நடப்பதில்லை. எறும்பு அரிசி சுமக்கிற மாதிரி கதவுக்குள் இரண்டு, ஸ்டெப்னிக்குள் ஒன்று.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். குடும்பத்தோடு காரில் மெக்சிகோ போகலாமா?

பதில்: விசா, இன்ஷூரன்ஸ் எனக்குத் தெரிந்த துறை இல்லை. ஆனால் சீட்டுக்கடியில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் அங்கே ஜெயிலுக்குப் போக நேரிடலாம். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் இரண்டு தடவை தேடுங்கள்.

கேள்வி: கடத்துகிறவர்களுக்குத் துப்பாக்கி எங்கே கிடைக்கிறது?

பதில்: கடையில்தான், பினாமி வைத்து. போலீஸ் கேஸ் இல்லாத ஆள், துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் ‘எனக்காகவே வாங்குகிறேன்’ என்று கையெழுத்துப் போடுவான். முன்பெல்லாம் பெரும்பாலும் பொய் எழுதிய வழக்குதான். 2022 ஜூனில் வந்த சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை சிறை என்றது. பிடிக்க வேண்டிய இடம் கடை கவுண்டர். பாலத்தில் பிடிப்பது கடைசி வாய்ப்பு.

கேள்வி: மெக்சிகோவில் சிக்குவதில் 70 சதவீதம் அமெரிக்கத் துப்பாக்கி என்பது புளுகு. எண்ணை வைத்து எங்கிருந்து வந்தது என்று தடம் தேடியவற்றில் மட்டும்தானே அந்தக் கணக்கு?

பதில்: புளுகு இல்லை, ஆனால் பாதி நியாயம் உங்கள் பக்கம். 2014 முதல் 2018 வரை மெக்சிகோவில் சிக்கி, அமெரிக்காவில் தடம் தேடியவற்றில் 70 சதவீதம். சிக்கிய எல்லாமே தேடலுக்குப் போவதில்லை.

கேள்வி (அவரே): துப்பாக்கி எண்ணைத் தட்டினால் வாங்கியவன் பெயர் வந்துவிடுமே! எல்லாவற்றையும் தேட என்ன கஷ்டம்?

பதில்: வராது சார். உரிமையாளர் பட்டியல் வைக்க அமெரிக்க மத்திய அரசுக்கு 1986 முதல் சட்டத் தடை. தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். மூடிய கடைகளின் காகிதமெல்லாம் மேற்கு வர்ஜீனியாவில் கிடக்கிறது. ஸ்கேன் செய்தும் பெயர் போட்டுத் தேட முடியாது. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள்.

கேள்வி (அவரே): அப்படியானால் மீதி 30 சதவீதம்?

பதில்: பிற நாட்டுச் சரக்கு உண்டு, மூலம் தெரியாதவையும் உண்டு. இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனங்கள்மேல் மெக்சிகோ போட்ட வழக்கு?

பதில்: தோற்றது. 2025 ஜூன், அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருமனதாக.

கேள்வி: சுவர் கட்டினால் நிற்குமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். சரக்கு போவது பாலம் வழியாக, காரில்.

கேள்வி: தெற்கே போகும் வண்டிகளைச் சோதிக்க மாட்டார்களா?

பதில்: முதல் பதில், முழுதாக.

கேள்வி: டெக்சாஸ் லைசென்ஸ் இருக்கிறது. கைத்துப்பாக்கி கொண்டு போகலாமா?

பதில்: அந்த லைசென்ஸ் பாலத்தோடு சரி. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தோட்டாவையும்.