புகழ்பெற்ற கவிஞர் ஒருவரின் மர்மமான காதலியை வைத்து மாயம் கலந்த சரித்திர நாவல் எழுதினால், யாரை எழுதலாம்?

மோகனாங்கியை. காளமேகப் புலவரின் மோகனாங்கியை.

திருச்சி, கும்பகோணம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கதை தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15ஆம் நூற்றாண்டு. வரதன் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்க்கிறவன், மோகனாங்கி திருவானைக்கா கோயிலில் ஆடிப் பாடுகிறவள். இரண்டு கோயிலும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவில்தான், நடந்தே போய்விடலாம். ஒரு ராத்திரி அவளுக்காக ஆனைக்கா கோயிலுக்குள் காத்திருந்தவன் அப்படியே தூங்கிப்போகிறான். அங்கே வேறொருவர் அம்பாளை நினைத்துத் தவம் கிடக்கிறார். அகிலாண்டேஸ்வரி ஒரு பெண்ணாக வந்து, தான் மென்ற தாம்பூலத்தைத் தர வாயைத் திறக்கச் சொல்ல, அவர் அருவருத்து மறுத்துவிடுகிறார், வரதன் திறந்துவிடுகிறான். விடிந்தால் அவன் கவிமழை பொழிகிற காளமேகம்.

அதற்கப்புறம் மோகனாங்கியைப் பற்றி யாருமே பேசுவதில்லை! எனக்கு இது ரொம்ப நாளாகவே மனசு ஆறாத விஷயம். நடுராத்திரி, அரைத்தூக்கம், வெற்றிலை வாசனையோடு ஒரு பெண் வந்து வாயைத் திற என்கிறாள் என்றால், அவன் யாரென்று நினைத்துத் திறந்திருப்பான்? அம்பாளையா நினைத்திருப்பான்?

இதற்கு முந்தைய சம்பவம் இன்னும் கனமானது. மார்கழி மாசம், கோயிலில் பெண்கள் கூடித் திருவெம்பாவை பாடுகிறார்கள். ‘எங்கொங்கை நின்னன்பர் அல்லார்தோள் சேரற்க’ என்ற அடி வருகிறது. சிவனடியார் அல்லாதவன் தோளை நாங்கள் சேரக் கூடாது என்று அந்தச் சிவனிடமே கேட்கிற வரம். வைணவக் கோயில் பரிசாரகனோடு பழகுகிற மோகனாங்கிக்கு அந்த அடி வாயில் வரவில்லை, கூட நின்றவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள், அந்தக் கதவு திறப்பதற்காகத்தான் வரதன் சைவனாகிறான். வழக்கமாக இதை அவன் காதலின் பெருமையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். நான் எழுதினால் அந்த அடியில் அவள் நிறுத்திய அந்த ஒரு மூச்சிலிருந்துதான் தொடங்குவேன். அவன் கவியாவதற்கு எத்தனையோ நாள் முன்பே அவள் வாயில் பாட்டு இருந்தது. பாட்டின் பொருளைத் தன் உடம்பில் வாங்கி, பொய்யாகப் பாட மாட்டேன் என்று நின்றவள் அவள்.

சரி, மாயம்? அதை யாரும் கற்பனை செய்து சேர்க்கவே வேண்டாம். ஆனைக்காவில் லிங்கம் இருக்கும் கருவறையிலேயே நீர் ஊறும். வெளிமதிலைக் கட்டியபோது சிவனே சித்தராக வந்து கூலியாகத் திருநீறு கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னானது என்பார்கள், அதனால் அது திருநீற்று மதில். எல்லாவற்றுக்கும் மேலே உச்சிக்கால பூஜை. அர்ச்சகர் அம்பாள் சந்நிதியில் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, மேளத்தோடு ஜம்புகேஸ்வரரைப் பூஜிக்கப் போவார். பக்கத்தில் நிற்கும் கூட்டம் அர்ச்சகரைப் பார்த்துக் கும்பிடுவதில்லை, அம்பாள் வருகிறாள் என்றுதான் கும்பிடும். தினமும் மத்தியானம் ஒரு மனிதர் தேவியாகிற ஊரில், ஒரு ராத்திரி தேவி மோகனாங்கியாக வந்தாள் என்றால் நம்ப முடியாதா என்ன?

நாவலின் அமைப்பைக்கூடக் காளமேகமே தந்துவிட்டார். திருவானைக்கா உலா அவர் பெயரில் வழங்குகிறது. உலா என்றாலே பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்கள் சுவாமி வீதி உலா வருவதைப் பார்த்து மயங்குவார்கள். அந்த ஏழு பேரும் மோகனாங்கி ஒருத்திதான் என்று வைத்து ஏழு பாகம் எழுதலாம், ஒவ்வொரு பாகத்திலும் அதே வீதி, அதே தேர், அவளுக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகும். மடைப்பள்ளி வாசனையையும் விட்டுவிடக் கூடாது. வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம் என்று ஏரகத்துச் செட்டியாரின் சரக்கையெல்லாம் ஒரே வெண்பாவில் கட்டிய கை, அடுப்படியில் பழகிய கை அல்லவா.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவளை ஒளிந்து வாழும் இளவரசியாக்கிவிடாதீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ஆடல் பாடலுக்காகக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எந்த வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரைக்கும் கல்லில் இருக்கிறது. அவள் அந்த மரபில் வந்தவள், தொழில் தெரிந்தவள், அதுவே போதும்.

கடைசிப் பாகம் காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினம். அங்கே அரசவைப் புலவர் அதிமதுரகவியோடு மோதி, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் உடனே பாடுகிற எமகண்டம் என்ற போட்டியில் பாடி ஜெயித்தும் மரியாதை கிடைக்காமல், அந்த ஊரில் மண்மாரி பெய்யட்டும் என்று காளமேகம் சபிக்கிறார். அந்தச் செய்தி ஆனைக்காவுக்கு வரும்போது பேரிளம்பெண்ணான மோகனாங்கி என்ன நினைப்பாள்? ஒரு அடியைப் பாட முடியாமல் நாக்கைக் கட்டிக்கொண்டவள், அதே வாய்வழி வந்த கவி ஒரு ஊரையே புதைப்பதைக் கேட்டால் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்? எனக்கு அந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.