வண்டிப் பட்டறை: ரேடியேட்டர் ஒழுகல்

கேள்வி: 1994-ஆம் ஆண்டு நிசான் 1400 பக்கி (சிறிய பிக்கப் வண்டி) வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குறைகிறது. ஆனால் நிறுத்துமிடத்தில் தரை காய்ந்தே கிடக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும்போது கீ ரிட்ஜ் ஏற்றத்தில் சூடு முள் மேலே போகிறது. புது ரேடியேட்டர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: இப்போதே வாங்க வேண்டாம் ஐயா. தரை காய்ந்திருப்பதால் ஒழுகல் இல்லை என்றும் சொல்ல முடியாது, ரேடியேட்டர்தான் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. எஞ்சின் சூடேறினால் உள்ளே அழுத்தம் ஏறும். மயிரிழை விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும். கசிகிற நீர் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால் அது 0.9 பார், சுமார் 13 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, ஏற்றத்தில் நீர் சீக்கிரமே கொதித்து வழிகுழாய் வழியே சாலையில் போய்விடும். உங்கள் வண்டியின் அறிகுறிகள் இதற்கும் பொருந்துகின்றன. இருப்பதிலேயே மலிவான பாகம் இதுதான். அதே எண்ணுள்ள மூடியையே போடுங்கள். கூடுதல் அழுத்தமுள்ளதைப் போட்டால் பழைய பற்றவைப்பு விட்டுப்போகும்.

அடுத்தது பிரஷர் டெஸ்டர், அதாவது ரேடியேட்டர் வாயில் பொருத்தி அழுத்தம் ஏற்றும், அளவு முள்ளுள்ள கைப்பம்ப். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை வாய்வரை நிரப்பி, மூடியின் அளவுக்கு மட்டும் பம்ப் அடித்து 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் எடுத்துத் தேடுங்கள்: ரேடியேட்டரின் டேங்கும் கோரும் (நடுவிலுள்ள மெல்லிய குழாய், தகடு அடுக்கு) சேரும் விளிம்பு, ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, எஞ்சின் பிளாக்கின் பக்கத்து வட்டத் தகடுகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு படிந்த தடமும் ஒழுகலைக் காட்டிக்கொடுக்கும். பயணி கால்வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமாகி இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) போயிருக்கிறது.

வெளியே எங்குமே ஈரமில்லாமல் முள் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகியுங்கள். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் விடாமல் வந்தால், அல்லது சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ரேடியேட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

கசிவது ரேடியேட்டர்தான் என்று உறுதியானால், பித்தளை டேங்காக இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். பழைய ஈயத்தைச் சுத்தமாக எடுத்த பிறகே புதிதாக வைக்கச் சொல்லுங்கள். நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் காற்றழுத்தி நேரில் காட்டச் சொல்லுங்கள். டர்பன் உப்புக்காற்றில் கோரின் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே உதிர்கின்றன என்றால் ஒட்டு வேலை நிற்காது, கோரையே மாற்றுங்கள்.

நிரப்பும்போது கூலன்டும் (ரேடியேட்டர் நீரில் கலக்கும் குளிர்விப்புத் திரவம்) காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. வண்டியின் முன்பக்கம் மேட்டில் இருக்கட்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஒருமுறை ஓட்டி ஆறிய பின் மறுபடி அளவு பாருங்கள். வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும்.

கேள்வி: ஒழுகலை அடைக்கும் பொடி போடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நடுவழியில் நின்றுபோனால் வீடு வந்துசேர மட்டும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வந்ததும் முழுவதும் வடித்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்கில் ஹோஸ் கழுத்தருகே விரிசல். ஒட்டலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: வேண்டாம். சூட்டில் வெந்து முறுகிய பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நெடுநாள் பிடிக்காது. ஒரு பக்கம் ஒட்டினால் அடுத்த பக்கம் வெடிக்கும். இதற்குப் புது ரேடியேட்டர்தான். கூடவே மேல், கீழ் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மாற்றிவிடுங்கள்.