ஏசி ஓடியும் ஹால் வேகுதா?

கேள்வி: சார், வேலூர்ல சின்னதா மெஸ் நடத்துறேன். ஹால்ல ரெண்டு டன் ஏசி, பின்னாடி கிச்சன்ல பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். ஆனாலும் மதியத்துல ஹால் வேகுது, தாளிப்பு நெடி வேற வருது. அக்னி நட்சத்திரத்துக்குள்ள இன்னொரு ஏசி போட்டுறலாமா?

பதில்: இப்போதைக்கு வேணாங்க, காசு தண்டம். மொதல்ல எல்லா அடுப்பும் எரியற நேரம் பாத்து ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல இருக்க கதவை லேசா திறந்து அந்த இடுக்குல ஒரு ஊதுபத்தியை காட்டுங்க. புகை சர்ருனு கிச்சன் பக்கம் ஓடுச்சுனா, நீங்க கரண்ட் பில் கட்டி குளிர வச்ச காத்தைத்தான் எக்ஸாஸ்ட் இழுத்து தெருவுல கொட்டிட்டு இருக்கு, அந்த எடத்துக்கு வாசல் வழியா வெளி அனல் உள்ள வருது, அப்புறம் எத்தனை டன் போட்டாலும் எப்படி பத்தும்? புகை ஹால் பக்கம் வந்தா எக்ஸாஸ்ட் இழுக்கலனு அர்த்தம், ஃபேன்லயும் ஃபில்டர்லயும் எண்ணெய்ப் பிசுக்கு அடைச்சிருக்கும், வாராவாரம் கழட்டி சோப்பு போட்ட சுடுதண்ணில ஊற வச்சு கழுவுங்க.

நெறைய பேர் கோட்டை விடுற விஷயம் இதுதான், காத்து வெளில போக வழி வைக்கிறாங்க, உள்ள வர வழி வைக்கிறதில்ல. 15க்கு 12 அடி, 10 அடி உயரம்னா கிச்சன் 1800 கன அடி. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்த காத்தும் மாறணும்னு வச்சா 900 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 900 கன அடி காத்து) எக்ஸாஸ்ட். அதுல 700 சிஎஃப்எம் அளவுக்காவது வெளிக்காத்தை நேரா கிச்சனுக்கே ஒரு ஃபேன் வச்சு கொடுங்க, மிச்சம் ஹால்லேர்ந்து வரட்டும், அப்பதான் நெடி ஹாலுக்கு திரும்பாது. அந்த காத்து அடுப்பு மேல நேரா அடிக்கக் கூடாது, எக்ஸாஸ்ட் வெளிய விடுற எடத்துலேர்ந்து 10 அடியாவது தள்ளி எடுக்கணும். உங்க ஊர் வெயில் வறண்ட வெயில், அதனால ஈரப் பேடு வச்ச கூலர் வழியா கொடுத்தா தோசைக்கல்லு முன்னாடி நிக்கிற மாஸ்டருக்கு வித்தியாசம் நல்லா தெரியும், அவர் ஒடம்பையும் நாம பாக்கணும்ல.

சுவத்துல வெறும் ஃபேன் மட்டும்னா அடுப்பு மேல ஹூட் (புகையைப் பிடிச்சு ஃபேனுக்கு அனுப்புற கூண்டு) போடுங்க, நாலு பக்கமும் அடுப்பை விட 6 இஞ்ச் வெளிய நீட்டிட்டு இருக்கணும். சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட படுக்கும், அதனால கீழயும் காத்து வெளிய போக ஒரு ஜாலி (ஓட்டை வச்ச சன்னல்) கண்டிப்பா வேணும்.

கேள்வி: சென்னைல எங்க ஆபீஸ்ல பத்து பேரு, ஸ்ப்ளிட் ஏசி, ஜன்னல் திறக்கறதே இல்ல. மூணு மணிக்கு மேல எல்லாருக்கும் தலைவலி, தூக்கம். ஏசி சர்வீஸ் பண்ணணுமா?

பதில்: சர்வீஸ் பண்ணுங்க, ஆனா அது மட்டும் போதாது. ஸ்ப்ளிட் ஏசி அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி குளிர வைக்கும். ஆளுக்கு 15லேர்ந்து 20 சிஎஃப்எம்னு கணக்கு வச்சு ஃபில்டரோட ஒரு ஃபிரெஷ் ஏர் ஃபேன் போடுங்க, ஜெனரேட்டர் பக்கமோ டாய்லெட் பக்கமோ வைக்காதீங்க. அதுக்கு மேல இழுக்காதீங்க, சென்னைல கூலரும் வேணாம், கடல் காத்து ஈரம் ஏற்கனவே அதிகம், உள்ள கசகசன்னு ஆயிரும்.