கேள்வி – பதில்: வாசிப்பு வட்டமும் நாவல் தேர்வும்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். மாதம் ஒரு நாவல். ஐந்து தலைப்புகளைச் சொல்லி, கை தூக்கச் சொல்லி, அதிக வாக்கு விழுந்ததை எடுத்துக்கொள்கிறோம். ஆனாலும் பாதிப் பேர் படிக்காமலேயே வருகிறார்கள். எங்கே தவறு?

பதில்: வாக்கெடுக்கும் முறையில். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் 3, 2, 2, 1, 1 என்று சிதறும். மூன்று வாக்கு வாங்கிய நாவல் தேர்வாகிவிடும்; மீதி ஆறு பேர் வேறொன்றைக் கேட்டவர்கள். அந்த ஆறு பேரில் யாருக்கு இதையும் படிக்கலாம் என்ற எண்ணம், யாருக்கு அறவே ஆர்வமில்லை என்பது இந்த வாக்கெடுப்பில் தெரியவே தெரியாது. போதாததற்கு, பரிந்துரைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது முகதாட்சண்யத்துக்காகத் தூக்கிய கைகளும் இருக்கும்.

துண்டுச்சீட்டுக்கு மாறுங்கள். ஐந்து தலைப்புகளையும் அதில் எழுதி, ‘இதைக் கடைசிவரை படிப்பேன்’ என்று தோன்றும் எல்லாவற்றுக்கும் டிக் போடச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் போட்டாலும் சரி, நான்குக்குப் போட்டாலும் சரி. பெயர் எழுத வேண்டாம். ஏழு டிக் வாங்கும் நாவல் ஒருவருக்குமே முதல் விருப்பமாக இல்லாமல் போகலாம். ஆனால் அதைப் படிக்கத் தயாராக ஏழு பேர் இருக்கிறார்கள், விவாதத்துக்கு அதுதான் வேண்டும். இரண்டு நாவல்கள் சமமாக வந்தால், இதுவரை தன் பரிந்துரை தேர்வாகாதவருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

முதல் விருப்பத்துக்கு 5 புள்ளி, அடுத்ததற்கு 4 என்று இறங்குவரிசையில் கொடுக்கும் முறையும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணிதர் போர்தாவின் பெயரால் வழங்குவது. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தன் நாவல் வர வேண்டும் என்று நினைப்பவர், பலமான போட்டி நாவலை வேண்டுமென்றே கடைசியில் தள்ளிவிடலாம். ஒன்பது பேர் வட்டத்தில் ஒருவர் அப்படிச் செய்தாலே முடிவு மாறிவிடக்கூடும்.

டிக் முறையும் குறையில்லாதது அல்ல. ஆறு பேர் ரசனை ஒன்றாக இருந்தால் மற்ற மூன்று பேரின் நாவல் வருடம் முழுக்க வராது. மெல்ல அவர்கள் நின்றுவிடுவார்கள். அதனால் மூன்று மாதத்துக்கான நாவல்களை ஒரே வாக்கெடுப்பில் முடிவு செய்துவிட்டு, நான்காவது மாதத்தை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருவர் கையில் கொடுங்கள், முறைவைத்து. முன்கூட்டியே மூன்று தலைப்பு தெரிந்தால் புத்தகம் தேடவும் அவகாசம் கிடைக்கும்.

கேள்வி: ‘ரொம்ப நன்றாக இருந்தது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது. எப்படிப்பட்ட நாவலை எடுப்பது?

பதில்: தனியாகப் படித்து மகிழ ஏற்ற நாவலும் கூடிப் பேச ஏற்ற நாவலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சரி என்றும் தப்பு என்றும் வாதாட இடம் தரும் ஒரு பாத்திரத்தின் முடிவு, முழுதாக நம்ப முடியாத கதைசொல்லி, இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய முடிவு – இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள்.

பரிந்துரைப்பவர் நாவலை முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள். மதிப்புரையை மட்டும் நம்பி முன்மொழிந்தவை அடிக்கடி காலை வாரிவிடுகின்றன. முன்மொழியும்போது அவர் பக்க எண்ணிக்கை, பதிப்பு இப்போது கிடைக்கிறதா, எந்த விஷயத்தில் நாம் கருத்து வேறுபடுவோம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு அவரிடம் பதில் இல்லையென்றால் அந்த நாவலை இன்னொரு முறை யோசிக்கலாம். குழந்தையின் மரணம், தற்கொலை, பாலியல் வன்முறை போன்றவை வந்தால், கதையை உடைக்காமல் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சமீபத்தில் துக்கம் கண்டவர் ஒருவர் வட்டத்தில் இருக்கலாம்.

கேள்வி: 600 பக்க நாவலை ஒரே மாதத்தில் எடுக்கலாமா?

பதில்: அந்த நாவலிலேயே இருபது நிமிடம் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று ஒவ்வொருவரும் எண்ணுங்கள். 12 பக்கம் என்றால் 600 பக்கத்துக்கு 1000 நிமிடம். தினம் அரை மணி ஒதுக்கினாலும் 34 நாள் ஆகும். வட்டத்தில் நிதானமாகப் படிப்பவரின் கணக்கையே எடுத்துக்கொண்டு, இரண்டு சந்திப்புகளாகப் பிரியுங்கள். எங்கே நிறுத்துவது என்பதை அத்தியாய எண்ணால் குறியுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். ‘310ஆம் பக்கம் வரை’ என்றால் இரண்டு பேர் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள்.

கேள்வி: ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார். சிலர் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒன்றரை மணி நேரச் சந்திப்பில் முதல் இருபத்தைந்து நிமிடத்தை ஒரு சுற்றுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பட்ட ஒரு பத்தியை வாசித்து, ஏன் அது என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. கூச்சப்படுகிறவருக்குக் கையில் பத்தி இருப்பதே பெரிய துணை. நிறையப் பேசுகிறவரைச் சுற்றின் கடைசியில் வையுங்கள். அவர் முதலில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஒத்தோ எதிர்த்தோதான் பேசுவார்கள், தங்கள் வாசிப்பைச் சொல்ல மாட்டார்கள். நடத்துபவரும் தன் கருத்தை முதலில் சொல்லக் கூடாது.

‘பிடித்ததா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஆம், இல்லை என்பதோடு அது முடிந்துவிடும். ‘எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். பாதியில் விட்டவருக்கும் இதில் சொல்ல விஷயம் இருக்கும். முடிவைப் பற்றிப் பேசத்தான் போகிறோம் என்பதை அழைப்பிலேயே தெரிவித்துவிட்டால், படித்து முடிக்காதவர் வருவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

கேள்வி: ஒரே நாவலுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகள். எதை எடுப்பது?

பதில்: இரண்டிலும் முதல் பக்கத்தையும், நடுவில் உரையாடல் வரும் ஒரு பக்கத்தையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உரையாடலில் நாக்கு தடுக்கினால் அதை விட்டுவிடுங்கள். சுருக்கப்பதிப்பு என்ற குறிப்பு உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கலாம், அத்தியாயங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். தேர்ந்த பிறகு, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் பதிப்பு ஆண்டையும் சேர்த்தே எல்லோருக்கும் அனுப்புங்கள்.