யூத பிரீஸ்கூல்ல சேர்க்கலாமா?

கேள்வி: நியூஜெர்சில இருக்கோம், ரெண்டு பேருக்கும் வேலை. பக்கத்துல யூத பிரீஸ்கூல்ல சாயங்காலம் 6 மணி வரைக்கும் பார்த்துக்கறாங்களாம். 3 வயசுப் பொண்ணைச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமா சேர்க்கலாம்மா, ஜேசிசி (Jewish Community Center) மாதிரி யூத சென்டர்கள்ல எல்லா மதத்துப் பிள்ளைங்களும் படிக்கிறாங்க. ஆனா வெள்ளிக்கிழமையப் பத்தி மொதல்ல கேளுங்க, சூரியன் மறையறப்ப ஷபாத்ங்கற அவங்க வாராந்திர ஓய்வு நாள் ஆரம்பிச்சுடும், டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடும், அதனால பல இடத்துல அன்னிக்கு சீக்கிரமே மூடிடுவாங்க, ஆபீஸ்ல சொல்லி வெச்சுக்கணும். ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத்னு யூதப் பண்டிகை லீவு செப்டம்பர் அக்டோபர்ல வரிசையா வரும், ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி காலண்டர் வாங்கிடுங்க. டப்பால தயிர்சாதம் பெரும்பாலும் ஓகே, கோஷர்ங்கற யூத உணவு விதி இருக்கறதால சிக்கன் வேணாம். முக்கியமா ஒருநாள் சாயங்காலம் 5 மணிக்குப் போய்ப் பாருங்க, தூக்கக் கலக்கத்துல அழற குழந்தைய யாராவது மடியில தூக்கி வெச்சிருக்காங்களான்னு.